லினக்ஸும் கணினி விளையாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகளாக என் வீட்டுக் கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் மட்டுமே இருக்கிறது. விளையாட்டுகளையும் அதில்தான் விளையாடுகிறேன். காசு கொடுத்து வாங்கியே விளையாடுகிறேன். லினக்ஸுக்கு மாற நினைக்கும் நண்பர்களும், சிறிய அளவில் விளையாட்டுகளை உருவாக்கும் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லினக்ஸில் இன்று உண்மையாகவே விளையாட முடிகிறதா?

முடிகிறது. ஒருவர் தனியாக விளையாடும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி நிறுவியவுடன், வேறெந்த அமைப்பையும் தொடாமலேயே ஓடுகின்றன. சைபர்பங்க் 2077 வெளிவந்த 2020 டிசம்பரில், ஏஎம்டி வரைகலை அட்டையும் மேசா என்ற கட்டற்ற வரைகலை இயக்கியின் புதிய பதிப்பும் வைத்திருந்தவர்கள் வெளியீட்டு நாளிலேயே அதை லினக்ஸில் விளையாடினார்கள். 2022-இல் எல்டன் ரிங் வந்தபோது விண்டோஸில் பலரை எரிச்சலூட்டிய திக்கல்களை, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் பொறியாளர்கள், லினக்ஸில் ஓடும் கைக்கணினியான ஸ்டீம் டெக்குக்காகத் தங்கள் பக்கத்திலேயே திருத்திக் கொடுத்தார்கள். ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும் அதே மாதத்தில்தான்.

முடியாதவையும் உண்டு. இணையத்தில் பலர் மோதும் போட்டி விளையாட்டுகள் சில லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்தது வேலரன்ட் ஒன்றுதான் என்றால், இப்போதைக்கு மாறாதீர்கள்.

விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது?

வைன் என்ற கட்டற்ற மென்பொருள் 1993 முதல் வளர்ந்து வருகிறது. ஒரு சாளரத்தைத் திற, இந்தக் கோப்பைப் படி என்று ஒரு நிரல் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் வைன் இடையில் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக மாற்றித் தருகிறது. நிரல் செயலியின் மீது நேரடியாகவே ஓடுவதால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

நெடுங்காலம் தடையாக இருந்தது வரைகலை. பெரிய விளையாட்டுகள் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி வழியாகத்தான் படம் வரைகின்றன. அது லினக்ஸில் இல்லை. 2016-இல் வல்கன் என்ற பொதுத் தரம் வெளியானபின், பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், டைரக்ட்3டி 11 அழைப்புகளை வல்கன் அழைப்புகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற அடுக்கை எழுதத் தொடங்கினார். வைன், டிஎக்ஸ்விகே ஆகியவற்றையும் வேறு சில பகுதிகளையும் ஒன்றாகக் கட்டி, கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் துணையோடு, 2018 ஆகஸ்டில் வால்வ் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. அந்தக் கட்டுக்குப் பெயர்தான் புரோட்டான். அதன்பின் லினக்ஸின் உட்கருவான கர்னலும் விளையாட்டுகளுக்காக இரண்டு முறை திருத்தப்பட்டது. ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் விண்டோஸ் வழக்கத்துக்கு ஈடான வசதி 2022 ஜனவரியில் 5.16 பதிப்பில் சேர்ந்தது. அதை இன்னும் துல்லியமாகச் செய்யும் என்டிசிங்க் இயக்கி 2025-இல் 6.14 பதிப்பில் முழுமையாக வந்தது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு வேடிக்கையான குறை இருந்தது. கதைக்காட்சி ஓட வேண்டிய இடத்தில், பழைய தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பு தொடங்குமுன் நிற்குமே, அந்த வண்ணப் பட்டைகள் மட்டும் அசையாமல் நிற்கும். விளையாட்டு பழுதாகிவிட்டதென்று நானும் முதல்முறை நினைத்தேன். காப்புரிமைக்கு உட்பட்ட காணொளி வடிவங்களைப் புரோட்டானோடு சேர்த்து வழங்க முடியாததே காரணம். இப்போது வால்வ் அந்தக் காணொளிகளை வேறு வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றி, விளையாட்டோடு சேர்த்து இறக்கித் தந்துவிடுகிறது.

லினக்ஸுக்கு விளையாட்டு வெளியிட்டவர்கள் எல்லாம் நட்டப்பட்டார்கள் என்கிறார்களே?

லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை வைத்து அப்படிச் சொல்வார்கள். 1998-இல் தொடங்கப்பட்ட அது, குவேக் 3 அரீனா, ஆல்ஃபா சென்டாரி போன்ற விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, 2002 ஜனவரியில் மூடப்பட்டது. விண்டோஸ் பதிப்பு கடைக்கு வந்து நீண்ட நாள் கழித்தே லோக்கியின் பெட்டி வரும். அதற்குள், வாங்க வேண்டியவர்கள் விண்டோஸ் பதிப்பை வாங்கி முடித்திருப்பார்கள். ஆனால் லோக்கி விட்டுச்சென்ற சொத்து சிறியதன்று. அங்கே பணியாற்றிய சாம் லன்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம், சாளரம், ஒலி, விசைப்பலகை, கைப்பிடி ஆகியவற்றை எல்லா இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி கையாள இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு அடித்தளமாக இருக்கிறது.

மறுபக்கம், 2010 மே மாதத்தில் வெளியான முதல் ஹம்பிள் இண்டி பண்டில் தொகுப்பை நினைத்துப் பாருங்கள். விரும்பிய விலையைக் கொடுக்கலாம் என்று அறிவித்து விற்ற அந்தத் தொகுப்புக்கு, விண்டோஸ் பயனர்களைவிட லினக்ஸ் பயனர்கள் சராசரியாகக் கூடுதல் தொகை கொடுத்தார்கள். எண்ணிக்கையில் நாங்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுக்க மாட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு வேண்டுமா, புரோட்டான் போதுமா?

பல ஆண்டுகள் தனிப் பதிப்புதான் வேண்டும் என்று வாதிட்டேன். என் எண்ணம் மாறியது ஒரு சொந்த அனுபவத்தால். 2015 வாக்கில், லினக்ஸ் ஆதரவு உண்டு என்று விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருந்த ஓர் உத்தி விளையாட்டை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதல் ஆண்டு எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு விண்டோஸ் பதிப்புக்கு அடுத்தடுத்துப் புதுப்பிப்புகள் வந்தன. லினக்ஸ் பதிப்பு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நண்பர்களோடு சேர முயன்றால் பதிப்பு எண் பொருந்தவில்லை என்ற ஒரே வரிதான் திரையில் வரும். நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. கடைசியில், ஸ்டீமில் அந்த விளையாட்டின் பண்புகளைத் திறந்து, புரோட்டானைக் கட்டாயப்படுத்தும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் பதிப்பு இறங்கியது. லினக்ஸ் பதிப்பு தன் சேமிப்புகளை என் வீட்டு அடைவில் மறைவாக வைத்திருந்தது. விண்டோஸ் பதிப்போ புரோட்டான் உருவாக்கிய பொய்யான சி இயக்ககத்துக்குள் தேடியது. ஆறு கோப்புகளைக் கையால் நகலெடுத்து வைத்தேன். அன்றிரவே நண்பர்களோடு விளையாடினேன். எனக்காக எழுதப்பட்ட பதிப்பு என்னைக் கைவிட்டது. எனக்காக எழுதப்படாத பதிப்பு கைகொடுத்தது.

ஆகவே என் கோரிக்கை எளியது. ஆதரவு என்பது ஒரு வாக்கு. கொடுக்க முடிந்தால் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். முடியாது என்றால், எங்களுக்கென எதுவும் செய்ய வேண்டாம். புரோட்டானில் ஓடுவதை ஓட விடுங்கள், அது போதும்.

வாக்கு தவறியதற்கு எல்லோரும் அறிந்த சான்று ராக்கெட் லீக். 2016-இல் லினக்ஸுக்கு வந்த அந்த விளையாட்டின் நிறுவனத்தை 2019-இல் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 2020 மார்ச்சில் லினக்ஸ், மேக் பதிப்புகளுக்கு இணைய ஆட்டம் நிறுத்தப்பட்டது. டைரக்ட்3டி 9-இலிருந்து 11-க்கு மாறுவதையும், அவ்விரு தளங்களிலும் சேர்த்து விளையாடுவோர் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது சரியான செயல்.

தனிப் பதிப்பு தேவையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஃபேக்டோரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய தொழிற்சாலை ஒன்றைச் சேமிக்கும்போது விண்டோஸில் ஆட்டம் சில நொடிகள் உறைந்து நிற்கும். லினக்ஸ் பதிப்பில் ஒரு வசதி இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு தன்னையே ஒரு நகலாகப் பிளந்துகொண்டு, அந்த நகல் பின்னணியில் சேமித்து முடிக்க, மூல ஆட்டம் நிற்காமல் தொடர்கிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்கு இயல்பான இந்த வித்தையை, இயங்குதளத்தை நேசிக்கும் ஒரு நிரலாளர் கைவைத்தால் மட்டுமே பெற முடியும். 2025 செப்டம்பரில் லாரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் 3-க்கு ஸ்டீம் டெக் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அது லினக்ஸில் நேரடியாக ஓடும் பதிப்புதான்; ஆனாலும் டெக்குக்கு மட்டுமே பொறுப்பேற்கிறோம், பொதுவான லினக்ஸ் கணினிகளுக்கு ஆதரவு இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அது நேர்மையாகவே பட்டது. காப்பாற்றக்கூடிய அளவுக்கே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் பயனர்கள் வாங்குவது குறைவு, புகார் மட்டும் அதிகம் என்பது உண்மையா?

இரண்டு பாதிகளும் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறு. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளி விளையாட்டின் உருவாக்குநர் 2021-இல் தன் கணக்கைப் பொதுவில் வைத்தார். விற்பனையில் லினக்ஸின் பங்கு 5.8 விழுக்காடு, வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகளில் 38 விழுக்காடு. இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் மூன்றாவது எண்ணைச் சொல்வதில்லை: லினக்ஸ் பயனர்கள் அனுப்பிய ஏறத்தாழ 400 அறிக்கைகளில் மூன்று மட்டுமே லினக்ஸுக்கே உரிய வழுக்கள். மற்றவை எல்லா இயங்குதளங்களிலும் எல்லோரையும் பாதித்தவை. அதுவும், எப்படி மீண்டும் வரவழைப்பது என்ற விளக்கத்தோடும் பதிவுக் கோப்புகளோடும் வந்தவை. சம்பளம் கொடுத்துச் சோதனையாளர் வைக்க முடியாத சிறு நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர் மகிழ்ச்சியோடுதான் எழுதினார்.

லினக்ஸ் பயனர்களுக்கும் ஒரு சொல். அறிக்கை எழுதும்போது எந்த வழங்கல் (உபுண்டு, ஆர்ச் போன்ற லினக்ஸ் தொகுப்பு), எந்தக் கர்னல், எந்த இயக்கி, புரோட்டானா நேரடியா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நீங்களே தொகுத்த கர்னலில் வரும் சிக்கலை உருவாக்குநரின் தலையில் கட்டாதீர்கள்.

நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்கள் இருக்கும்போது எதில் சோதிப்பது?

ஒன்றில். ஸ்டீம் தனக்கென ஓர் இயக்கச் சூழலைக் கொண்டிருக்கிறது. டெபியன் 11-ஐ அடிப்படையாகக் கொண்ட ஸ்னைப்பர் என்ற அந்தச் சூழல் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த ஒரு கொள்கலனுக்குள் ஓடுவதால், பயனர் உபுண்டு வைத்திருந்தாலும் ஆர்ச் வைத்திருந்தாலும் விளையாட்டின் கண்ணுக்கு ஒரே நூலகங்கள்தான் தெரியும். இந்தக் கவலை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். 2022-இல், லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.36 பதிப்பு வெளியானபோது, நீண்டகாலமாக இருந்த ஒரு பழைய அட்டவணை அதிலிருந்து நீக்கப்பட்டதால், ஈசி ஆன்ட்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைப் பயன்படுத்திய விளையாட்டுகள் ஒரே இரவில் நின்றுபோயின. விளையாட்டில் ஒரு வரிகூட மாறவில்லை. லினக்ஸ் உலகம் தன் அடித்தளத்தை இவ்வளவு எளிதாக அசைக்கக் கூடாது என்பதில் உருவாக்குநர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

சில போட்டி விளையாட்டுகள் மட்டும் ஏன் லினக்ஸை அனுமதிப்பதில்லை?

ஏமாற்றி விளையாடுபவர்களைத் தடுக்கும் மென்பொருள்தான் காரணம். ரயட் நிறுவனத்தின் வேன்கார்ட் போன்றவை விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே இயக்கியாகக் குடியேறி, மற்ற எல்லா நிரல்களையும் கண்காணிக்கின்றன. லினக்ஸில் அத்தகைய இடம் அவற்றுக்கு இல்லை. கர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றித் தொகுக்கலாம் என்பதால், அதன் சொல்லை நம்பவும் அவற்றால் முடியாது. 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வேன்கார்ட் வந்தபோது, அதுவரை வைனில் விளையாடி வந்தவர்கள் ஒரே நாளில் வெளியேற நேர்ந்தது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் அதே வழியில்தான் போனது.

ஆனால் எல்லாமே தொழில்நுட்பத் தடை என்று நம்பிவிடாதீர்கள். ஈசி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானை ஆதரிப்பதாக 2021 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டன. அனுமதிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த விளையாட்டின் உருவாக்குநரே முடிவு செய்கிறார். தி ஃபைனல்ஸ், ஆர்க் ரெய்டர்ஸ் ஆகியவை ஈசி ஆன்ட்டி-சீட்டோடு புரோட்டானில் ஓடுகின்றன. அந்த மென்பொருளின் உரிமையாளரான எபிக்கின் சொந்த விளையாட்டான ஃபோர்ட்நைட் அனுமதிப்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022 முதல் ஸ்டீம் டெக்கில் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதாக இருந்தது. 2024 அக்டோபர் 31 அன்று, ஏமாற்று நிரல்கள் லினக்ஸ் வழியாக வருகின்றன என்று சொல்லி லினக்ஸ் பயனர்களுக்கு மூடப்பட்டது.

கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்களைப் போலப் பயனர் நிலையில் மட்டும் இயங்கும் தடுப்பு, கர்னலுக்குள் இருப்பதைவிட வலுக்குறைந்தது என்பது உண்மை. அதை மறுத்து வாதிடும் லினக்ஸ் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் கர்னல் காவலும் முழுமையானதன்று. கணினியின் நினைவகத்தைத் தனி அட்டை மூலம் இன்னொரு கணினியிலிருந்து படிப்பவர்கள் விண்டோஸிலேயே இருக்கிறார்கள். எதிரி சுவருக்குப் பின்னால் இருக்கிறார் என்ற செய்தியைத் தேவைப்படும்வரை வீரரின் கணினிக்கு அனுப்பாமலே இருப்பது போன்ற சேவையகப் பக்கத் தடுப்புகள் எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யும். வேலரன்டிலும் அந்த முறை இருக்கிறது. என் கருத்தில், ஒரு விளையாட்டுக்காகக் கணினியின் கர்னலை இன்னொருவரிடம் ஒப்படைப்பது விண்டோஸ் பயனரும் தயங்க வேண்டிய செயல்.

எனக்கு உண்மையில் வலிப்பது, விற்றபின் மூடுவது. தொடக்கத்திலேயே அனுமதி இல்லை என்று சொன்னால் நான் வாங்காமல் போவேன், மனத்தாங்கல் இல்லை. கையை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால், குறைந்தது காசையாவது திருப்பித் தர வேண்டும். ஸ்டீமின் வழக்கமான விதி, வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் மட்டுமே பணம் திரும்பும் என்கிறது. இப்படிப்பட்ட வெளியேற்றத்துக்கு அந்த விதி போதாது.

எந்த விற்பனைத் தளத்தில் வாங்குவது நல்லது?

நான் பெரும்பாலும் ஸ்டீமில் வாங்குகிறேன். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு வந்ததிலிருந்து அதன் செயலி எங்களுக்கு இரண்டாந்தரமாக நடத்தப்படவில்லை.

ஜிஓஜி எனக்கு மனத்துக்கு நெருக்கமானது, ஏனென்றால் அங்கே வாங்கியதை நிறுவுகோப்பாக இறக்கி, இணையமே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 2014 ஜூலையில் ஐம்பது விளையாட்டுகளோடு லினக்ஸ் ஆதரவைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய கேலக்ஸி செயலி விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே வெளிவந்தது. லினக்ஸில் தானாகப் புதுப்பிக்கவும் சேமிப்புகளை ஒத்திசைக்கவும் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஹீரோயிக் செயலியைத்தான் நாடினோம். ஒரு கடை தன் வாடிக்கையாளரின் வேலையைத் தன்னார்வலர்களிடம் விட்டுவைப்பது அழகன்று. எபிக்கின் கடையும் ஹீரோயிக் வழியாக ஓடுகிறது. இட்ச் தளத்தின் செயலி கட்டற்றது, லினக்ஸில் நேரடியாக ஓடுகிறது. சிறு உருவாக்குநர்களின் புதுமைகளை அங்கேதான் தேடுகிறேன். மைக்ரோசாஃப்ட் கடையில் வாங்கியவற்றை நிறுவி விளையாட வழியில்லை.

எல்லாக் கடைகளும் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டீம் டெக்குக்காக வால்வ் விளையாட்டுகளைச் சோதித்து, சரிபார்த்தது, விளையாடலாம், ஆதரவில்லை, தெரியாது என்று நான்காகப் பிரிக்கிறது. அந்த முடிவுக்கான காரணம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கும்: எழுத்து சிறியதாக இருக்கிறது, துவக்கச் செயலியில் சுட்டி தேவைப்படுகிறது என்பது வரைக்கும். வாங்குமுன் உண்மையைச் சொல்லும் இந்த வழக்கத்தை மற்ற கடைகள் ஏன் பின்பற்றுவதில்லை என்பதற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் வால்வ் என்ற ஒரே நிறுவனத்தை நாம் நம்பியிருப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 2012-இல் விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வந்தபோது, மைக்ரோசாஃப்ட் கதவை மூடிவிடுமோ என்ற கவலையில்தான் வால்வின் தலைவர் கேப் நியூவெல் லினக்ஸின் பக்கம் திரும்பினார். அது அன்பினால் மட்டும் எடுத்த முடிவன்று. 2015-இல் வந்த, லினக்ஸில் ஓடிய ஸ்டீம் மெஷின் கணினிகள், ஓடும் விளையாட்டுகள் போதாமல் தோற்றன. ஆனால் அந்தத் தோல்வியின் பாடத்திலிருந்துதான் புரோட்டானும், 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக்கும் பிறந்தன. என் ஆறுதல் ஒன்று: வைன், டிஎக்ஸ்விகே, மேசா, கர்னல் திருத்தங்கள் எல்லாமே கட்டற்ற உரிமத்தில் வெளியே கிடக்கின்றன. வால்வ் நாளை மனம் மாறினாலும் செலவழித்த உழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

புரோட்டானில் விளையாடினால் அது லினக்ஸ் விற்பனையாகக் கணக்காகுமா?

ஸ்டீமில் ஆகும். வாங்கிய முதல் இரண்டு வாரங்களில் எந்த இயங்குதளத்தில் அதிக நேரம் விளையாடினீர்களோ, அதன் கணக்கில் சேரும். அதனால் வாங்கியவுடன் லினக்ஸில் விளையாடிவிடுங்கள்.

சிறிய குழுவாக ஒரு விளையாட்டை உருவாக்குகிறோம். லினக்ஸுக்காக முதலில் என்ன செய்ய வேண்டும்?

கோடோ (Godot) என்ற கட்டற்ற விளையாட்டு உருவாக்கக் கருவியோடு தொடங்கியிருந்தால், லினக்ஸ் பதிப்பை ஏற்றுமதி செய்வது சில சொடுக்குகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் உங்களை மறிப்பது கோப்புப் பெயர்தான். படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு நிரலில் சிறிய எழுத்தில் அழைத்திருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும், வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு தெரியும். எல்லாப் பெயர்களையும் இன்றே சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். தனிப் பதிப்பைப் பராமரிக்க ஆளில்லை என்றால் அதை வெளியிடாதீர்கள். பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, உங்கள் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்பும் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதைச் செய்கிறோம் என்று விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்து வாங்கும் முதல் சிலரில் நானும் இருப்பேன்.